ரோமா வயலினில் வில்லும் விரலும் செய்யும் வேலை

1986 முதல் பத்து ஆண்டுகள் பிரஸ்ஸல்ஸ் நகர உணவகம் ஒன்றில் ரோபி லகாடோஷ் வயலின் வாசித்தார். கேட்க வந்தவர்களில் வயலின் மேதை யெஹூதி மெனுஹினும் உண்டு. 1965-இல் புடாபெஸ்டில் பிறந்த லகாடோஷ், யானோஷ் பிஹாரி (1764–1827) என்ற புகழ்பெற்ற ரோமா ('ஜிப்ஸி' என்று பிறர் அழைத்த மக்கள்) வயலின் கலைஞரின் வழிவந்தவர். வீட்டில் ரோமா வாசிப்பு, வெளியே பெலா பார்ட்டோக் கன்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரியில் மேற்கத்தியச் செவ்வியல் பயிற்சி. 1984-இல் செவ்வியல் வயலினுக்கான முதல் பரிசோடு அங்கிருந்து வெளியே வந்தார்.

இப்படிப்பட்ட கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ரத்தத்தில் ஊறிய இசை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். கம்பியை அதிரவைப்பது ரத்தமல்ல, வில்லில் கட்டிய குதிரைவால் முடியும் அதில் பூசும் ரோசின் என்ற பிசினும்தான். அந்த வாசிப்பில் மாயம்போல் தோன்றும் பெரும்பாலானவற்றை மில்லிமீட்டரிலும் மில்லிவினாடியிலும் விளக்கிவிடலாம்.

வில்லை இழுக்கும்போது கம்பி முழுவதும் மெத்தென்று வளைந்து ஊசலாடுவதாகக் கண்ணுக்குத் தெரியும். ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860 வாக்கில் அதிர்வு நுண்ணோக்கி வைத்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. எந்தக் கணத்திலும் கம்பி இரண்டு நேர்கோடுகளாகவே இருக்கிறது. நடுவே ஒரு கூரிய மடிப்பு. அந்த மடிப்பு குதிரைக்கும் (கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) விரலுக்கும் இடையே ஓடி ஓடித் திரும்புகிறது. ரோசின் பூசிய முடி கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். மடிப்பு வந்து முட்டியதும் பிடி விடும். கம்பி பின்னால் நழுவும். மடிப்பு திரும்பி வந்ததும் மறுபடி பிடி. 440 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்த ஏ கம்பியில் இது வினாடிக்கு 440 முறை நடக்கிறது. கம்பியின் அதிரும் நீளம் சுமார் 328 மி.மீ. குதிரையிலிருந்து 30 மி.மீ. தள்ளி வில் படுகிறது என்றால், ஒவ்வொரு சுற்றிலும் பதினொன்றில் ஒரு பங்கு நேரம் நழுவல், மீதி நேரம் பிடி. அதாவது நழுவல் ஒரு வினாடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான்.

இதை முழுக் கணக்காக்கியவர்களில் முக்கியமானவர் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். ஒளிச்சிதறலில் பெயர் வாங்குவதற்குப் பத்தாண்டு முன்பே, 1918-இல், கல்கத்தாவிலிருந்து வில்லிசைக் கம்பிகளின் அதிர்வுபற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். பின்னர் வயலினை இயந்திரத்தால் வாசிக்கவைத்து, வில்லின் வேகமும் இடமும் மாறும்போது எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது என்றும் அளந்தார். 1973-இல் ஆய்வாளர் ஜான் ஷெல்லெங் இந்த எல்லைகளை ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தார். அழுத்தம் குறைந்தால் ஒரு சுற்றில் இரண்டு முறை நழுவி, உயிரில்லாத மெல்லிய சீழ்க்கைபோல் கேட்கும். மிகுந்தால் மடிப்பு வந்தும் பிடி விடாது, கரகரக்கும். நல்ல நாதம் இந்த இரண்டுக்கும் நடுவே. வில்லின் வேகம் மாறாமல் குதிரையிலிருந்து உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குறைந்தபட்ச அழுத்தம் நான்கு மடங்காகிறது, அதிகபட்சமோ இரண்டு மடங்குதான். குதிரையை நெருங்க நெருங்க நடக்கக் கிடைக்கும் வரப்பு ஒடுங்குகிறது.

தட்டுகளும் பேச்சும் கலகலக்கும் உணவகத்தில் தனி வயலின் காதில் விழ வேண்டுமானால் மேல்சுரங்கள் (ஒரு சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர் ஒலிகள்) நிறைந்த கூர்மையான நாதம் வேண்டும். அது கிடைப்பது குதிரைக்கு அருகில்தான், அதாவது வரப்பு ஒடுங்கிய இடத்தில். அங்கே தடுமாறாமல் நடப்பதைத்தான் கேட்கிறவர்கள் 'நெருப்பு' என்கிறார்கள்.

ஹங்கேரிய நகர ரோமா வாசிப்பில் பாதி நேரம் தாளக்கட்டு இல்லாத மெதுநடை. 'ஹல்கத்தோ', கேட்பதற்கான பாட்டு, என்பது அதன் பெயர். தடித்த ஜி கம்பியில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஜாருவாக, வழுக்கிக்கொண்டே, விரல் ஏறும். நம் காதுக்கு இது புதிதல்ல. வில்லுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விரல் ஒரு ஸ்தாயி மேலே போனால் அதிரும் நீளம் 328-லிருந்து 164 மி.மீ. ஆகிவிடுகிறது. வில் அதே 30 மி.மீ.யில் நின்றால், பதினொன்றில் ஒரு பங்காக இருந்த இடம் ஐந்தரையில் ஒரு பங்காகிவிடும், நாதம் மங்கும். ஆகவே இடக்கை ஏறும்போதே வலக்கை வில்லைக் குதிரைப் பக்கம் நகர்த்த வேண்டும். ஜாரு அழகாகத் தொடங்கி உச்சியில் சோர்ந்துபோவது இதை மறப்பதால்தான். புதியவர்கள் அந்த இடத்தில் அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்ப்பார்கள், கரகரப்புதான் மிஞ்சும்.

அடுத்தது சுரவரிசை. 'ஹங்கேரிய மைனர்' என்றும் 'ஜிப்ஸி ஸ்கேல்' என்றும் மேற்கில் சொல்லப்படுவது நம் கர்நாடக ராகமான சிம்மேந்திரமத்யமத்தின் சுரங்களேதான்: சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். ரோமா மக்களின் மூதாதையர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்பதை மொழியியலும் மரபியலும் காட்டுகின்றன. அதை வைத்துக்கொண்டு இந்த வரிசையும் இந்தியாவிலிருந்து போனதாகச் சொல்லிவிட முடியாது. ஹங்கேரியில் வ்லாஹ் என்ற பிரிவைச் சேர்ந்த ரோமா மக்கள் தங்களுக்குள் பாடும் பாட்டில் வயலினே கிடையாது. தண்ணீர்க் குடம், கரண்டி, வாயால் எழுப்பும் பேஸ் ஒலி, இவைதான் பக்கவாத்தியம். வயலின் குழு வாசித்தது காசு கொடுத்துக் கேட்ட ஹங்கேரியர்களின் ரசனைக்கு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிய குழப்பம் இசையமைப்பாளர் லிஸ்ட் காலத்திலிருந்தே தொடர்கிறது.

காந்தாரத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையே மூன்று அரைச்சுர இடைவெளி. ஏ கம்பியைத் திறந்த நிலையில் சட்ஜமாக வைத்தால், மேல் முனையிலிருந்து ரிஷபம் 36 மி.மீ., காந்தாரம் 52, பிரதி மத்யமம் 96, பஞ்சமம் 109. காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு இரண்டாம், மூன்றாம் விரல்கள் 44 மி.மீ. விரிய வேண்டும். அதே இடத்தில் சாதாரண முழுச்சுரத்துக்கு 30 போதும். உடனே அடுத்த பஞ்சமத்துக்கு 13 மி.மீ.தான். விரிந்த கை சட்டென்று குவிய வேண்டும். சோம்பேறி விரல் 40 மி.மீ.யில் விழும், மத்யமம் தாழ்ந்து, அந்த வரிசைக்கே உரிய ஏக்கம் காணாமல் போகும். மூன்றாம் விரலை அதன் இடத்திலிருந்து தேடாமல், பஞ்சமத்தில் நான்காம் விரலை முதலில் ஊன்றி, அதை ஒட்டி மூன்றாவதை வைத்துப் பழகுவது நல்ல வழி.

மெதுநடை முடிந்து 'ஃப்ரிஷ்' என்ற வேகப்பகுதி வந்ததும் கணக்கு மில்லிவினாடிக்கு மாறுகிறது. நிமிடத்துக்கு 160 அடி, அடிக்கு நான்கு சுரம் என்றால் வினாடிக்குப் பத்துக்கும் மேல். ஒரு சுரத்துக்கு 95 மில்லிவினாடிகூட இல்லை. வில் கம்பியைத் தொட்டவுடன் ஒழுங்கான பிடி–நழுவல் கிடைத்துவிடுவதில்லை, தொடக்கத்தில் சில சுற்றுகள் கலைந்துதான் இருக்கும். குட்லரும் ஆஸ்கென்ஃபெல்ட்டும் 1997-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கரகரப்பான தொடக்கம் சுமார் 50 மில்லிவினாடிக்குள் தெளிந்துவிட்டால் காது மன்னித்துவிடும். அந்த நேரத்துக்குள் 659 ஹெர்ட்ஸ் ஈ கம்பி 33 சுற்று முடித்திருக்கும், 196 ஹெர்ட்ஸ் ஜி கம்பியோ பத்துக்கும் குறைவு. தெளிய ஈ கம்பிக்கு அவகாசம் தாராளம். வேகப்பகுதிகள் மேல்கம்பிகளிலும் ஏக்கப்பகுதிகள் ஜி கம்பியிலும் அமைவதற்கு இது ஒரு காரணம்.

வேகத்தில் வில்லைக் கை ஒவ்வொரு முறையும் தூக்கி வைப்பதில்லை. சுமார் 60 கிராம் எடையுள்ள வில், முடியின் இழுவிசையால் தானே துள்ளும். கை தாளத்தை மட்டும் கொடுக்கிறது. துள்ளல் வேகம் இடத்தைப் பொறுத்தது: பிடிப்பக்கம் மெது, நுனிப்பக்கம் விரைவு. வினாடிக்கு 8 முதல் 13 சுரத்துக்கு வில்லின் நடுப்பகுதியை ஒட்டிய இடம் பொருந்தும். முடியை அதிகம் முறுக்கினால் வில் கட்டுக்கு அடங்காமல் குதிக்கும், தளர்த்தினால் படுத்துவிடும்.

ஒரே வில்லிழுப்பில் பல சுரங்களை வெட்டி வெட்டி வாசிப்பது இன்னும் கடினம். ருமேனிய ரோமா கலைஞர் க்ரிகொராஷ் டினிகு 1906-இல் புக்கரெஸ்ட் கன்சர்வேட்டரி படிப்பை முடிக்கையில் எழுதிய ஹோரா ஸ்டக்காட்டோ முழுக்க இந்த வித்தைதான். 1932-இல் வயலின் மேதை ஹைஃபெட்ஸ் அதைத் தன் போக்கில் அமைத்து உலகமெங்கும் கொண்டுபோனார். வில் பிடித்த கையின் சுட்டுவிரல் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் கம்பியைக் கடித்து உடனே விட வேண்டும். விட மறந்தால் வில் உறைந்து நின்றுவிடும். கடிக்க மறந்தால் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டினிகு புகழ்பெற்ற வயலின் ஆசிரியர் கார்ல் ஃபிளெஷிடம் படித்தவர். உணவகக் கைவண்ணமும் கன்சர்வேட்டரி ஒழுங்கும் ஒரே கையில் சேர்வது லகாடோஷுக்கு வெகுமுன்பே நடந்துவிட்டது.

இத்தாலிய இசையமைப்பாளர் மோன்ட்டியின் 'சார்தாஷ்' என்ற வயலின் படைப்பில் நடுவே புல்லாங்குழல்போல் ஒரு மெட்டு வருமே, அது செயற்கை மேல்சுரம். ஏ கம்பியில் முதல் விரல் ரிஷபத்தை அழுத்தினால் மீதி நீளம் 292 மி.மீ. அதில் கால் பங்கு, 73 மி.மீ. தள்ளி, நான்காம் விரல் தொட மட்டும் வேண்டும். கம்பி நான்காகப் பிரிந்து அதிர்ந்து, இரண்டு ஸ்தாயி மேலே 1976 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். மெட்டு ஏற ஏற 73 சுருங்கிக்கொண்டே வரும். ஒரு ஸ்தாயி மேலே 37-க்கும் குறைவு. விரல்களின் இடைவெளியை மாற்றாமல் கையை மட்டும் நகர்த்தினால் கீச்சென்று உடையும். வில் குதிரைப் பக்கமாக, விரைவாக, லேசாகச் செல்ல வேண்டும்.

இடக்கை விரல்களாலேயே சுண்டும் வித்தைக்கு ஸ்பானிய வயலின் கலைஞர் சரசாத்தேயின் 1878-ஆம் ஆண்டுப் படைப்பான ஸிகொய்னர்வைஸனின் கடைசிப் பகுதியைக் கேட்கலாம். நான்காம் விரல் கம்பியைச் சுண்டியபடி விலகும். அப்போது கேட்பது மூன்றாம் விரல் அழுத்தியிருக்கும் சுரம். அதனால் இத்தகைய வரிசைகள் பெரும்பாலும் இறங்குமுகமாகவே இருக்கும்.

முன்னணி வயலின்காரரான 'ப்ரீமாஷ்' இவ்வளவு சுதந்திரமாக ஓட முடிவது பின்னால் இருப்பவர்களால். ஹங்கேரியக் குழுவில் தாழ்ந்த ஒலி தரும் பேஸ் தாள அடியின்மேல் விழும், 'கொன்ட்ரா' என்ற துணை வாத்தியம் இரண்டு அடிகளுக்கு இடையே விழும். ட்ரான்சில்வேனியக் கொன்ட்ரா மூன்று கம்பி வயோலா, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம். அதன் குதிரை தட்டையானது. வயலின் குதிரை வளைந்திருப்பதால் வில் ஒரே சமயத்தில் இரண்டு கம்பிகளைத்தான் தாராளமாகத் தொடும்; தட்டைக் குதிரையில் மூன்றும் ஒன்றாக ஒலிக்கும். இழப்பும் உண்டு: தனி மெட்டு வாசிக்க அந்த வாத்தியம் உதவாது. கூடவே சுத்தியல்களால் தட்டும் கம்பி வாத்தியமான சிம்பலோம். அதன் இன்றைய பெரிய வடிவத்தை, ஒலியை அடக்கும் மிதியோடு, புடாபெஸ்டில் யோஜெஃப் ஷுண்டா 1874-இல் உருவாக்கினார். மிதி இல்லாத காலத்தில் ஒரு சுரத்தொகுதியின் கார்வை அடுத்ததில் கலந்து குழம்பிக்கொண்டிருந்தது.

கன்சர்வேட்டரி எதிலும் சொல்லித்தராத ஒரு முறையும் இருக்கிறது. ருமேனியாவின் க்ளெஜானி கிராமத்தைச் சேர்ந்த தராஃப் தெ ஹைடூக்ஸ் குழுவின் நிகொலாய் நியாக்ஷு (2002-இல் மறைந்தார்), 1989-இல் சர்வாதிகாரி சௌசெஸ்கு வீழ்ந்ததைப் பாடும்போது வில்லைத் தொட்டதில்லை. குதிரைவால் முடி ஒன்றைக் கம்பியில் கட்டி, ரோசின் ஏறிய அந்த முடியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துத் தன்னை நோக்கி உருவினார். வில்லில் நழுவும் நேரத்தைக் கம்பியில் ஓடும் மடிப்பு தீர்மானிக்கிறது. இங்கே விரல் பிடித்திருப்பது கம்பியை அல்ல, கம்பியில் கட்டிய முடியை. மடிப்பின் கட்டளை விரல்வரை முழுதாக வந்து சேர்வதில்லை. விரல் தன் போக்கில் சிக்கி விடுபடுகிறது. அதனால்தான் ஒலி சீராக இல்லாமல், தொண்டை கட்டிய கிழவர் உறுமுவதுபோல் வருகிறது.