போத்தல் கண்ணாடியில் கல் அரிவோர் கவனத்துக்கு: மணல் அளவா, மா அளவா?

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்குப் பின்னால் குவியும் வெற்றுப் போத்தல்களை உடைத்து, மணலுக்குப் பதிலாகப் போட்டுச் சீமெந்துக் கல் அரியலாமா என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். கேள்வி நியாயமானது. மகாவலி கடலில் சேரும் கொட்டியாரக் கரையோரம் மணல் அள்ளி அள்ளி ஆறு எந்த நிலைக்கு வந்திருக்கிறதென்று மூதூர், கிண்ணியா மக்களுக்குத் தெரியும். ஒவ்வொரு லோட் மணலையும் மிச்சம் பிடிப்பது நல்ல காரியம்தான். ஆனால் கையால் உடைத்த போத்தல் துண்டுகளை அப்படியே கலவையில் கொட்டினால், அந்தக் கல் சில மாரிகளுக்குள் வெடிக்கத் தொடங்கலாம்.

போத்தல் கண்ணாடியில் 70 வீதத்துக்கு மேல் சிலிக்கா. அது கடற்கரை மணலில் இருப்பதுபோல் பளிங்குருவான சிலிக்கா அல்ல. ஒழுங்கற்ற கட்டமைப்புக் கொண்டது. சீமெந்தின் கார நீர் அதைக் கரைத்து ஒரு கூழை உண்டாக்கும். கூழ் தண்ணீரை உறிஞ்சி வீங்கும், வீங்கினால் கல் வெடிக்கும். இந்தக் கார-சிலிக்கா தாக்கத்தை 1940இல் கலிபோர்னியாவில் தோமஸ் ஸ்டான்ரன் விளக்கினார். கூழ் பெரும்பாலும் துண்டின் வெளிப்புறத்தில் உருவாவதில்லை. போத்தலை உடைக்கும்போதே துண்டுக்குள் முடிபோன்ற கீறல்கள் விழுகின்றன. கார நீர் அவற்றுக்குள் புகுந்து, அங்கேதான் வேலையைக் காட்டுகிறது. பழுதான கல்லொன்றை உடைத்துப் பார்த்தால், கண்ணாடித் துண்டின் நடுவே வெள்ளைக் கோடு ஓடியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

சீமெந்தைப்போல் மாவாக அரைத்தால் நிலைமை தலைகீழாகிறது. 75 மைக்கிரோனுக்கு (ஒரு மைக்கிரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே கீறல் தங்க இடமில்லை. அந்த மா சீமெந்திலிருந்து வரும் கல்சியம் ஐதரொட்சைட்டோடு சேர்ந்து இறுகி, கல்லுக்குப் பலம் கொடுக்கிறது. பருமனான கண்ணாடியின் வீக்கத்தையும் அடக்குகிறது. ஆகவே, அரைக்க வசதியில்லாதவர்கள் கண்ணாடியைச் சீமெந்தோடு சேர்க்கவே வேண்டாம். உடைத்த கண்ணாடியை மதிலின் பின்புறத்திலோ வடிகால் குழாயைச் சுற்றியோ வடிகட்டும் நிரப்பாகப் போடுங்கள். மேலே துணிவிரிப்புப் போட்டு மண்ணால் மூடிவிட்டால் போதும். சீமெந்து இல்லாத இடத்தில் இந்த வியாதியும் இல்லை.

அரைக்கக்கூடியவர்களுக்கு இன்டர்லொக் கல்லுக்கான தொடக்கக் கலவை இது: சாதாரண போட்லண்ட் சீமெந்து 40 கிலோ, கண்ணாடி மா 10 கிலோ, கழுவிய ஆற்று மணல் 80 கிலோ, 1.18 மில்லிமீற்றர் சல்லடையில் இறங்கிய கண்ணாடி மணல் 20 கிலோ, சிறு சல்லி 75 கிலோ. தண்ணீர் ஏறக்குறைய 18 லீற்றர். மணலில் ஏற்கெனவே உள்ள ஈரத்தையும் இதற்குள்ளேயே கணக்கிடவேண்டும். கண்ணாடி தண்ணீர் குடிக்காது. வழக்கமான கைக்கணக்கில் ஊற்றினால் தண்ணீர் மேலே வந்து நிற்கும், மேற்பரப்பு பொடியாகும். வாங்கிய சீமெந்திலேயே நிலக்கரிச் சாம்பல் கலந்திருக்கிறதா என்று பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்திருந்தால் சீமெந்து 45, மா 5 என்று மாற்றுங்கள். இல்லையேல் ஆரம்பப் பலம் மிகவும் குறைந்துவிடும்.

அதிகமானோர் பிழைவிடுவது அரைப்பதற்கு முந்திய வேலையில்தான். மென்பானப் போத்தலின் அடியில் காய்ந்த சீனி சிறிதளவு கலந்தாலும் சீமெந்து இறுகத் தாமதமாகும். மறுநாள் அச்சைக் கழற்றும்போது மூலை உடைவதற்கு இதுவும் ஒரு காரணம். அலுமினிய மூடியும் கழுத்து வளையமும் காரத்தில் பட்டால் ஐதரசன் வாயு வெளிவந்து கல்லைப் பொருமச் செய்யும். மூடி, வளையம், லேபல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடல் நீர் வேண்டவே வேண்டாம்: அதன் உப்பு கல்லில் பூக்கும், கம்பி இருக்கும் இடத்தில் கம்பியைத் தின்னும், சோடியம் கூடுவதால் வீக்கத்துக்கும் துணைபோகும். பழைய ரீவியின் படக்குழாயில் ஈயம் உண்டு, குழல் விளக்கில் பாதரசம் உண்டு. இரண்டையும் தொடாதீர்கள். மிளகாய், அரிசி அரைக்கும் மில்லில் கண்ணாடி அரைக்கக் கொடுப்பது மன்னிக்க முடியாத செயல். உடைக்கும்போது நனைத்து உடையுங்கள். கண்ணாடித் தூள் கண்ணில் விழுந்தால் தண்ணீர் தெளித்தால் மட்டும் போகாது. மூக்குக்கவசமும் பக்கமூடிய கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாத ஆளை இந்த வேலைக்கு விடக்கூடாது.

பதப்படுத்துவதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லின் மேற்பரப்பு சில மணி நேரத்திலேயே காய்ந்துபோகும். கண்ணாடி மா மெதுவாக வேலை செய்கிற பொருள். ஈரம் போனால் அதன் வேலையும் நின்றுவிடும். அச்சிலிருந்து எடுத்த கல்லை முதல் நாள் தறப்பாளால் மூடி, பிறகு 14 நாட்களுக்கு நனைத்துவையுங்கள். 7ஆம் நாள் சோதித்தால் சாதாரண கல்லைவிடப் பலம் குறைந்திருக்கும், பயப்பட வேண்டாம். 28ஆம், 56ஆம் நாள் முடிவுகளைப் பார்த்து விற்பனையைத் தீர்மானியுங்கள்.

வாகனம் ஏறும் முற்றத்துக்கு விற்க நினைப்பவர்கள், கல்லை நசுக்கிப் பார்க்கும் சோதனையோடு நின்றுவிடக்கூடாது. வீக்கம் வருடக்கணக்கில் வருவது. அதை நசுக்குச் சோதனை காட்டாது. ஏ.எஸ்.ரீ.எம். (அமெரிக்கத் தரநிலை அமைப்பு) சி 1260 முறையில் சாந்துச் சட்டங்களை 80 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 14 நாட்கள் வைத்து நீட்சியை அளப்பார்கள். மாவும் சாம்பலும் கலந்த கலவைக்கு இதே மாதிரியான சி 1567 இருக்கிறது. நீட்சி 0.10 வீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 0.20ஐத் தாண்டினால் மாவைக் கூட்டி, கண்ணாடி மணலைக் குறைத்து, மறுபடியும் சோதியுங்கள்.

உமிச் சாம்பல் பற்றியும் கேட்கிறார்கள். கந்தளாய், தம்பலகாமம் அரிசி ஆலைகளில் கிடைப்பதுதானே என்று கறுப்புச் சாம்பலை அள்ளிப் போடாதீர்கள். கறுப்பு என்றால் எரியாத கரி. அது தண்ணீரைக் குடித்துக் கலவையைக் கெடுக்கும். மிகையாகச் சூடேறிய சாம்பலில் சிலிக்கா பளிங்காகிவிடுவதால் சீமெந்தோடு அவ்வளவாகச் சேராது. 700 பாகையைத் தாண்டாமல் எரிந்த சாம்பல் நிற உமிச் சாம்பலை அரைத்தால், கண்ணாடி மாவின் இடத்தில் அதையும் பாவிக்கலாம்.