ஆதாரத்தில் 'நிலம்' என்று இருந்தால்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அண்ணன் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருந்தார், வாங்கிப்போட்ட 10 சென்டை அளந்து கல் நட்டுத் தரச் சொல்லி. ரோடு இருக்கிறது, தென்னை நிற்கிறது, பக்கத்தில் நாலு வீடு. ஆதாரத்தை (கிரயப் பத்திரத்துக்கு அங்கே அதுதான் பேர்) புரட்டினால் வகை 'நிலம்'. "நிலம்தானுங்க வாங்கினேன், வேற என்னன்னு எழுதுவாங்க?" என்றார். நமக்கு நிலம் என்றால் எல்லா மண்ணும்தான். கேரள ரெவின்யூ கணக்கில் அது நெல்வயல், வீடு கட்டும் இடத்துக்குப் பேர் புரயிடம். இந்த ஒரு சொல்லால் வீடு கட்டப் பெர்மிட் கிடைக்காமல் நிற்பவர்களைப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் நிறையப் பார்த்துவிட்டேன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1970களில் கேரளத்தில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விளைந்த நெல், 3 லட்சத்துக்கும் கீழே இறங்கிய பிறகுதான் 2008-இல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

நாட்டுக் கணக்கைப் பார்த்தால் இந்த இழப்பு தெரியவே தெரியாது. 1950-51-இல் விவசாயமல்லாத உபயோகத்தில் இருந்தது சுமார் 94 லட்சம் ஹெக்டேர், இன்று இரண்டரைக் கோடிக்கு மேல். (வீடு, ரோடு மட்டுமல்ல, ஆறு, வாய்க்கால், அணைத் தண்ணீர் நிற்கும் இடமும் இந்தத் தலைப்பில்தான் வரும்.) சாகுபடிப் பரப்போ ஐம்பது வருடமாக 14 கோடியை ஒட்டியே நிற்கிறது, குறைந்தது தரிசும் பாறையும்தான் என்று கணக்கு சொல்கிறது. நான் அளக்கப் போகும் இடங்களில் மனையாவது ரோட்டோரத்து நல்ல வயல். அதற்கு ஈடாக எங்கோ ஒரு மேட்டுக்காட்டை உழுதால் கூட்டல் சரியாகிவிடும், மண் சரியாகாது.

சரி, வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள். வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டில் என்ன வகை, பஞ்சாயத்தின் டேட்டா பேங்கில் (நெல்வயல், சதுப்பு நிலங்களின் பட்டியல்) அந்த சர்வே நம்பர் உண்டா. டேட்டா பேங்கில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் நிலம் என்றிருந்தால், 50 சென்ட் வரை 6-ஆம் நம்பர் படிவம் போட்டு வகை மாற்றலாம். டேட்டா பேங்கிலேயே இருந்தால் முதலில் 5-ஆம் நம்பர் படிவம், 2008-க்கு முன்பே அது வயலாக இல்லை என்று காட்டியாக வேண்டும். பக்கத்தில் வீடு இருக்கிறதே என்று புரோக்கர் சொல்வதை நம்பாதீர்கள், அந்த நாலு வீடும் சட்டத்துக்கு முன் கட்டியவை.

அண்ணனின் நம்பர் டேட்டா பேங்கில் இருக்கிறது. படிவம் போட்டிருக்கிறார். தென்னைக்கு எத்தனை வயது என்று பார்க்கக் கிருஷி பவனிலிருந்து (வேளாண் ஆபீஸ்) இன்னும் ஆள் வரவில்லை.