ஆம்புலன்ஸா, சவ வண்டியா? தரையைப் பாருங்கள்

வாசகர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பிக் கேட்டிருந்தார்: "1959 மாடல் அமெரிக்க காடிலாக். பின்பக்கம் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. சிலர் பழைய ஆம்புலன்ஸ் என்கிறார்கள், சிலர் சவ வண்டி என்கிறார்கள். எது சரி?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். அந்தக் காலத்தில் ஒரே வண்டி இரண்டு வேலையும் பார்த்தது.

முதலில் வண்டி எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். காடிலாக் கம்பெனி இவற்றை முழு வண்டியாகச் செய்து விற்கவில்லை. எஞ்சின், டேஷ்போர்டு, முன்பக்கத் தகடுகள் ஆகியவற்றோடு, நீட்டி வலுப்படுத்திய சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, மட்டும் அனுப்பும். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதுபோல, மீதியைத் தனிப் பட்டறைகள் கட்டின. ஒஹாயோ மாநிலத்தில் மட்டும் பிக்வா ஊரில் மில்லர்-மீட்டியார், லைமாவில் சுப்பீரியர், சின்சினாட்டி பக்கம் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என மூன்று பெரிய பெயர்கள். சாதாரண 1959 காடிலாக்கில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 130 அங்குலம். இந்த சேஸிஸில் 156. ஆகவே எந்த வருடத்து வண்டி என்பதை முகப்பும் துடுப்பும் சொல்லிவிடும். யார் கட்டியது என்பதற்குப் பட்டறையின் பெயர்த்தகட்டைத் தேட வேண்டும். பெயின்டை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பு, வெள்ளை அடித்து மேலே ஒரு விளக்கை வைத்துவிட்டால் எந்தச் சவ வண்டியும் ஆம்புலன்ஸ் போலத்தான் தெரியும்.

சரி, உண்மை எங்கே இருக்கிறது? பின்கதவைத் திறந்து தரையைப் பாருங்கள். இந்த வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சவ வண்டியின் தரையில் குறுக்குவாக்கில் ரோலர்கள் பதித்திருப்பார்கள். சவப்பெட்டியும் உடலும் சேர்ந்தால் எடை 100 கிலோவை எளிதாகத் தாண்டும். வெறும் தரையில் அதை இழுத்துத் தள்ளுவதற்குள் உராய்வு ஆளைப் படுத்திவிடும். ரோலர்மேல் வைத்துவிட்டால் லேசாகத் தள்ளினாலே உள்ளே போய்விடும். ஆனால் உராய்வு குறைந்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. ஓட்டுநர் பிரேக் போட்டதும் வண்டி நிற்கும், நிலைமத்தால் பெட்டி நிற்காது. அதற்காகத்தான் தரையின் நடுவே நீளவாக்கில் உலோகப் பட்டைகளும், அவற்றில் வரிசையாகத் துளைகளும். பெட்டியை ஏற்றிய பிறகு, அதன் நீளத்துக்கு ஏற்ற துளையில் ஒரு முளையைச் செருகுவார்கள். முளையின் தலையில் ரப்பர் இருக்கும். திருகத் திருக ரப்பர் முன்னேறி, பெட்டியில் கீறல் விழாமல் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்ட்ரெச்சரின் தேவை நேர் எதிரானது. அதற்குச் சொந்தமாகவே சக்கரம் இருக்கிறது. அந்தச் சின்னச் சக்கரங்கள் ரோலர்மேல் ஏறினால் தடதடவென்று ஆடும், இடைவெளியில் சிக்கும். எலும்பு முறிந்த ஆளுக்கு அது நரகம். அதற்கு வேண்டியது சமமான தரையும், ஸ்ட்ரெச்சரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கியும்.

இந்த இரண்டு தேவைகளையும் ஒரே தரையில் தீர்த்துவைத்ததுதான் 'காம்பினேஷன்' வண்டி. அதன் ரோலர்களைத் தூக்கித் திருப்பிப் போடலாம். ரோலர் அடியில் போய்விடும், அதன் தட்டையான மறுபக்கம் தரையோடு தரையாக மேலே வந்துவிடும். முளைகளைக் கழற்றி, மடக்கி வைத்திருக்கும் உதவியாளர் இருக்கையை விரித்தால் ஆம்புலன்ஸ் தயார். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. இவ்வளவு எளிமையான யோசனையைக் கண்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும். ஆக, திருப்பிப் போடும் ரோலர், முளைத் துளை, ஸ்ட்ரெச்சர் கொக்கி மூன்றும் ஒரே தரையில் இருந்தால் அந்த வண்டி இரண்டு வேலையும் பார்த்தது என்று நம்பலாம். வெளியே பார்த்தால், சவ வண்டியின் பக்கவாட்டில் எஸ் வடிவ உலோகக் கம்பி இருக்கும். மடக்குக் கூரை வைத்த குதிரை வண்டியில் கூரையைத் தாங்கிய கீலின் எச்சம் அது; காரில் வெறும் அலங்காரம். காம்பினேஷன் வண்டியில் அந்தக் கம்பி பதித்த பலகையையே ஜன்னலிலிருந்து கழற்றிவிடலாம்.

பிணம் ஏற்றிய வண்டியில் நோயாளியா என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே நிறைய பேர். அபசகுனம் என்று இதில் எதுவும் இல்லை. ஒரு ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளம் பல ஊர்களில் இறுதிச் சடங்கு நடத்துபவரின் வண்டிக்குத்தான் இருந்தது. 1966-இல் வெளியான அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை அப்படிப்பட்ட 12,000 பேர்தான் நடத்துகிறார்கள் என்றது. கவலைப்பட வேண்டியது அவர்களில் பலருக்கு மருத்துவப் பயிற்சி இல்லாததைப் பற்றி. அப்புறம், கூரையின் உயரத்தைப் பற்றி.

1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள், இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தியே ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று வெளியிட்டார்கள். மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் கருவியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது கிடைத்தது அது. கருவியின் கனமான தட்டை நாயின் மார்பில் அழுத்தியதும் ரத்த அழுத்தம் ஏறியதை நிக்கர்பாக்கர் கவனித்தார்.  

மார்பை அழுத்த வேண்டுமானால் ஒருவர் நோயாளிக்கு மேலே குனிந்து, கையை நேராக ஊன்றித் தன் எடையை இறக்க வேண்டும். தாழ்ந்த கூரை வைத்த காடிலாக்கில் அதற்கு இடமே கிடையாது. பட்டறைகள் கூரையை உயர்த்திப் பார்த்தன; காரின் அடிப்படையில் கட்டும்வரை ஓரளவுக்குத்தான் முடிந்தது. 1970-களில் ஆம்புலன்ஸ்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் விதிமுறைகள் வந்தன. வேன்களும் லாரி சேஸிஸில் கட்டிய பெட்டிகளும் அந்த இடத்தைப் பிடித்தன. 1977-இல் காடிலாக் தன் சேஸிஸையும் 144 அங்குலமாகச் சுருக்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் ஆம்புலன்ஸ்களின் காலம் அநேகமாக முடிந்துவிட்டது. உள்ளே யாரும் குனிந்து வேலை செய்ய வேண்டியிராத சவ வண்டிகளை மட்டும் இன்றும் காடிலாக்கில் கட்டுகிறார்கள்.