தலைகீழாக ஆறும் கேக்

பாண்டான் என்ற வாசனை இலை சேர்த்த ஷிஃபான் கேக்கை ஓவனிலிருந்து எடுத்ததும் டின்னோடு தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். நடுவில் குழாய் வைத்த டின் என்பதால், அந்தக் குழாயை ஒரு கண்ணாடி பாட்டிலின் கழுத்தில் செருகிவிட்டால் கேக் அந்தரத்தில் தொங்கும். முதன்முறை பார்ப்பவருக்கு நெஞ்சு பதைக்கும். ஆனால் கேக் விழாது. நன்றாக ஆறியபின் கத்தியை ஓரமாக விட்டு விடுவித்தால்தான் இறங்கி வரும். சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் அம்மாக்களும் அத்தைகளும் இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும்போது, "உடனே கவிழ்த்து வை, இல்லாவிட்டால் அமுங்கிப்போகும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி முற்றிலும் சரி. அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களைத் தெரிந்துகொண்டால், இந்தக் கேக்கின் மீது இன்னும் பிரியம் கூடும் என்பதே என் நம்பிக்கை.

ஷிஃபான் கேக் பிறந்தது லாஸ் ஏஞ்சலஸில். ஹாரி பேக்கர் என்ற காப்புறுதி முகவர் 1927-இல் இதை உருவாக்கினார். ஹாலிவுட்டின் பிரவுன் டெர்பி உணவகத்துக்குச் செய்துகொடுத்து வந்த அவர், செய்முறையை இருபது ஆண்டுகள் யாருக்கும் சொல்லவில்லை. 1947-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்று, மறு ஆண்டு அது அச்சில் வந்தபோதுதான் ரகசியம் வெளிப்பட்டது: வெண்ணெய்க்குப் பதிலாகச் சமையல் எண்ணெய்.

அமெரிக்கர்களுக்கு அது ஒரு புதுமை. நமக்கோ அது பெரிய வரம். வெண்ணெய் கேக் எழும்புவதற்கு, வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது உள்ளே புகும் காற்றுதான் முதல் காரணம். அந்தக் காற்றைப் பிடித்துவைப்பவை வெண்ணெயில் உள்ள திடக் கொழுப்புப் படிகங்கள். ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸில் வெண்ணெய் வளைந்து கொடுக்கும், ஆனால் ஒழுகாது. அதுதான் அடிப்பதற்கு ஏற்ற பதம். நம் சமையலறையோ பகலில் 30 டிகிரியைத் தொடுகிறது. அந்த வெப்பத்தில் படிகங்களில் பெரும்பகுதி உருகிவிடும். காற்று தங்க இடம் இருக்காது. சூஜி (ரவை) கேக்குக்கு வெண்ணெய் அடிக்கும்போது பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை. அது 20 டிகிரியிலும் திரவம், 30 டிகிரியிலும் திரவம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் வெண்ணெயைப்போல் உறைந்து கேக்கை இறுக்காது. காற்றைப் பிடிக்கும் பொறுப்பு முழுவதும் முட்டையின் வெள்ளைக்கருவுக்குப் போய்விடுகிறது. வெள்ளைக்கருவோ குளிர்ச்சியாக இருப்பதைவிட அறை வெப்பத்தில் இன்னும் எளிதாக நுரைக்கும். அமெரிக்காவில் பிறந்திருந்தாலும் ஷிஃபான் கேக் நம் வானிலைக்கென்றே வாய்த்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இனி நுரையைப் பார்ப்போம். வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர், 10 விழுக்காடு புரதம். அந்தப் புரத மூலக்கூறுகள் சுருண்டு, மடிந்து கிடப்பவை. தண்ணீரை விரும்பாத பகுதிகளை உள்ளே ஒளித்துவைத்திருப்பவை. பின்னல் வேலை செய்கிறவர் நூற்கண்டைப் பிரித்து இழையோடு இழை கோத்து வலையாக்குவதைப்போல, அடிப்பானின் கம்பிகள் இந்தச் சுருள்களைப் பிரிக்கின்றன. பிரிந்ததும், தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் காற்றுக் குமிழியின் பக்கம் திரும்புகின்றன. தண்ணீரை விரும்பும் பகுதிகள் திரவத்தின் பக்கமே நிற்கின்றன. அருகருகே நிற்கும் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒவ்வொரு குமிழியையும் சுற்றி மெல்லிய படலமாகின்றன. இப்படி வெள்ளைக்கரு தன் கன அளவைப்போல் எட்டு மடங்கு வரை பெருகக்கூடும்.

பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெயோ மஞ்சள்கருவோ இருந்தால் நுரை எழாது என்று சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. கொழுப்பும் குமிழியின் அதே ஓரத்தில் இடம்பிடிக்கப் போட்டியிடும், ஆனால் வலை பின்னாது. பிளாஸ்டிக் பாத்திரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு கழுவினாலும் ஒட்டியிருக்கும். ஆகவே எவர்சில்வர் பாத்திரமே நல்லது. மஞ்சள்கரு, எண்ணெய், தேங்காய்ப்பால், மாவு எல்லாவற்றையும் தனியே கலந்து வைத்துக்கொண்டு, வெள்ளைக்கரு வலை பின்னி முடித்த பிறகே இரண்டையும் சேர்க்கிறோம். அப்போது கொழுப்பு தாமதமாக வருகிறது, மஞ்சள்கருவின் லெசித்தின் அதை நுண்துளிகளாகக் கட்டுப்படுத்தியும் வைத்திருக்கிறது. அந்த நிலையிலும் கரண்டியை வேகமாகச் சுழற்றினால் குமிழிகள் உடையும். அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலப்பது அதனால்தான்.

சர்க்கரைக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் இங்கே இனிப்பு, புளிப்பைத் தாண்டிய வேலை உண்டு. அளவுக்கு மீறி அடித்தால் புரத இழைகள் கந்தகப் பிணைப்புகளால் மிக இறுக்கமாகக் கட்டிக்கொண்டு, நடுவில் இருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். நுரை திரிதிரியாகும். சிறிதளவு அமிலம் அந்தப் பிணைப்புகளைத் தாமதப்படுத்துகிறது. எலுமிச்சைச் சாறு, கிரீம் ஆஃப் டார்டார் இரண்டுமே இதைச் செய்யும். சர்க்கரையோ குமிழிகளுக்கு நடுவிலுள்ள தண்ணீரைப் பாகாக்கி, அது வடிந்துபோகாமல் காக்கிறது. தொடக்கத்திலேயே கொட்டினால் நுரைப்பதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், வெள்ளைக்கரு கொஞ்சம் வெண்மையாகப் பொங்கிய பிறகு சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை நாளில் நுரையை அடித்துவிட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஓவன் முன்கூட்டியே சூடாகியிருக்க வேண்டும்.

ஓவனுக்குள் நடப்பதை ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்கலாம். குமிழிக்குள் இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாகும்போது எவ்வளவு விரியும்? தனிவெப்ப அளவையில் (கெல்வின்) 303-லிருந்து 373. ஏறக்குறைய 23 விழுக்காடு மட்டுமே. ஆனால் கேக் அதைவிட மிக அதிகமாக எழும்புகிறது. மீதியைச் செய்வது நீராவி. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 1,600 மில்லிலிட்டருக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். கேக் கலவையிலிருந்து சிறிதளவே ஆவியாகிக் குமிழிகளுக்குள் நுழைந்தாலும் போதும். பேக்கிங் பவுடர் சேர்க்கிறவர்களுக்குக் கரியமில வாயுவும் துணைக்கு வரும். ஆனாலும் புதுக் குமிழிகளை இவை எதுவும் உண்டாக்குவதில்லை. நாம் அடித்து உருவாக்கிய குமிழிகளைத்தான் பெரிதாக்குகின்றன. எனவே கேக்கின் உயரம் ஓவனுக்குப் போவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

டின்னில் எண்ணெய் தடவக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. எழும்பும் கலவை மிக லேசானது. சுவரைப் பற்றி ஏற வேண்டும். நடுக்குழாய் இன்னொரு பிடிமானத்தைத் தருகிறது, நடுப்பகுதிக்கு வெப்பத்தையும் கொண்டுபோகிறது. ஒட்டாத பூச்சுள்ள டின்னைவிடச் சாதாரண அலுமினிய டின் இதற்குச் சிறந்தது. வெப்பம் ஏற ஏற, முட்டைப் புரதங்கள் உறைகின்றன. கோனால்புமின் என்ற வெள்ளைக்கருப் புரதம் 60 டிகிரியைத் தாண்டியதும் உறையத் தொடங்கும்; வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் 80 டிகிரி வரை காத்திருக்கும். இதோடு மாவிலுள்ள மாச்சத்து தண்ணீரை உறிஞ்சி, வீங்கி, கூழாகிக் குமிழிகளின் சுவர்களுக்கு வலு சேர்க்கிறது.

ஆனால் சூடாக இருக்கும்வரை அந்தக் கூழ் மென்மையானது. கேக்கில் மாவு குறைவு, முட்டையும் திரவமும் அதிகம். ஆறும்போது குமிழிக்குள் இருக்கும் நீராவி மறுபடி தண்ணீராகி, உள் அழுத்தம் இறங்கும். அந்த நேரத்தில் கேக் நிமிர்ந்து நின்றால், தன் எடையே அதை நசுக்கும். கவிழ்த்துத் தொங்கவிட்டால் அதே எடை சுவர்களை நீட்டிப் பிடிக்கிறது. மாச்சத்தும் புரதமும் குளிர்ந்து இறுகும்வரை அந்த நீட்சி அப்படியே காக்கப்படுகிறது. நசுக்க வேண்டிய புவியீர்ப்பே தாங்கிப் பிடிக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உயரத்தின் கதை இது. ஆனால் இந்தக் கேக்கை நம்முடையதாக்கியது அதன் மணம். 2017-இல் சிஎன்என் உலக நாடுகளின் கேக்குகளைத் தொகுத்தபோது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பாண்டான் கேக்கைத்தான் சொன்னது.

பாண்டான் இலையின் மணத்துக்கு முதன்மைக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரான் பட்டரியும் பிலிப்பீன்ஸ் அனைத்துலக நெல் ஆய்வுக் கழகத்தின் பியன்வெனிடோ ஜூலியானோவும் சக ஆய்வாளர்களும் வெந்த சோற்றின் மணத்தை ஆராய்ந்து, இந்த மூலக்கூறை அடையாளம் கண்டார்கள். பிறகு அதையே பாண்டான் இலையிலும் கண்டார்கள். வாசனை அரிசியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 10 மடங்கும், சாதாரண அரிசியில் இருப்பதைப்போல் 100 மடங்கும் இலையில் இருந்தது. நம் மூக்கு இதற்கு அபாரக் கூர்மை காட்டுகிறது: நூறு கோடிப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கின் பத்தில் ஒரு பகுதி இருந்தாலே உணர்ந்துவிடும்.

பாஸ்மதி, தாய்லாந்து மல்லிகை அரிசி ஆகியவற்றின் மணமும் இதுவே. ரொட்டியின் மேலோட்டிலும் சோளப்பொரியிலும் வெப்பத்தால் உருவாவதும் இதுவே. பின்துரோங் என்ற தென்கிழக்காசியக் காட்டு விலங்கின் மேல் சோளப்பொரி மணம் வீசுவதற்கும் இந்த மூலக்கூறே காரணம். ஆக, பிரியாணி அரிசி கொதிக்கும்போது பாண்டான் இலையை முடிச்சுப்போட்டு உள்ளே விடும் நம் வீட்டு வழக்கத்தில், அரிசியிடம் ஏற்கெனவே இருக்கும் மணத்தைத்தான் பெருக்குகிறோம். தமிழ்ச் சமையலறைக்குள் பாண்டான் இவ்வளவு இயல்பாக நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். சோற்றோடு வளர்ந்த மூக்குக்கு அது புது மணமே இல்லை.

இன்னொரு செய்தி என்னை மிகவும் நெகிழவைப்பது. பாண்டான் செடி விதை தருவதில்லை. பக்கக் கன்றை வெட்டி நட்டு, மனிதர்களே அதைப் பரப்பி வந்திருக்கிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத் தொட்டியில் நிற்கும் செடி, யாரோ ஒருவர் கொடுத்த கன்று. பாட்டியின் செடியிலிருந்து வந்த கன்று என்றால், மரபணு அளவில் அது பாட்டி வளர்த்த அதே செடிதான்.

நினைவுக்கும் மணத்துக்கும் உள்ள உறவு இங்கே வந்து சேர்கிறது. மனித மூக்கில் சுமார் 400 வகை மண ஏற்பிகள் உண்டு. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபெல் பரிசு கிடைத்தது. பார்வையும் கேள்வியும் தொடுகையும் மூளையின் தலாமஸ் என்ற பகுதி வழியாகவே மேலே போகின்றன. மணம் மட்டும் அங்கே நிற்பதில்லை. மணச் செய்தியை முதலில் பெறும் மூளைப் பகுதியான முகர்குமிழிலிருந்து உணர்ச்சிக்குரிய அமிக்டலாவையும் நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸையும் மிகச் சில இணைப்புகளில் அடைந்துவிடுகிறது. சுவீடன் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களும் படங்களும் எழுப்பிய நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்தியவையாக இருந்தன. மணம் எழுப்பியவையோ பத்து வயதுக்கு முந்தியவை. அப்படி எழும் நினைவு துல்லியமானது என்று பொருளில்லை, உணர்ச்சி கனமானது. பாண்டான் மணத்தில் அம்மாவின் பழைய சமையலறை, அங்கிருந்த பச்சை பிளாஸ்டிக் முக்காலி, வெள்ளைக்கரு அடிக்க எங்கள் முறைக்காக நின்ற வரிசை எல்லாம் எனக்கு ஒன்றாக வருகின்றன. முக்காலி பச்சையா நீலமா என்று அக்காவோடு வாதம் இன்னும் முடியவில்லை.

இந்த மணத்தைக் கேக்கில் காப்பாற்றக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தேக்கா சந்தையில் கட்டாக விற்கும் இலைகளில், செடியின் அடிப்பகுதியிலிருந்து வந்த முற்றிய, கரும்பச்சை இலைகளைத் தேர்ந்தெடுங்கள். பொடியாக நறுக்கி, மிகக் குறைந்த தண்ணீரில் அரைத்துப் பிழிந்து, ஓரிரவு குளிர்பதனப் பெட்டியில் அசையாமல் வையுங்கள். பச்சையம் ஒட்டிய நுண்துகள்கள் அடியில் படியும். மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு அந்த வண்டலைப் பயன்படுத்துங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பு மணத்தைப் பிடித்துவைக்க உதவும். வெந்த பிறகு நிறம் கொஞ்சம் மங்கினால் வருந்த வேண்டாம்: அமிலமும் வெப்பமும் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தைக் கழற்றிவிடுவதால் வரும் மாற்றம் அது. மணத்துக்குக் குறைவில்லை.

முட்டை சேர்க்காத வீடுகளில் கொண்டைக்கடலை வேகவைத்த நீரை அடித்துப் பார்க்கிறார்கள். அதிலுள்ள புரதமும் சபோனினும் அழகாக நுரைக்கும், வெள்ளைக்கருவுக்கு இணையாகவே. ஆனால் அது வெப்பத்தில் முட்டையைப்போல் உறைந்து சுவராகாது. நுரை கிடைத்தாலும் தூண் கிடைக்காது என்பதால், கவிழ்த்துத் தொங்கவிடும் உயரமான ஷிஃபானுக்கு அது போதாது. சற்றுத் தாழ்வான தட்டையான கேக்குக்கு, மாவைக் கூட்டிக்கொண்டால் நன்றாகவே வரும்.

2-அசிட்டைல்-1-பைரோலின் எளிதில் ஆவியாகும், எளிதில் சிதையும் பொருள். ரொட்டி மேலோட்டின் மணம் சுட்ட நாளிலேயே குறைவதற்கும் அதுவே காரணம். பாண்டான் கேக்கும் முழுதாக ஆறிய அதே மாலையில்தான் உச்ச மணத்தோடு இருக்கும். எங்கள் வீட்டில் அன்றைக்கே வெட்டி, பாதியைப் பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்கும் எதிர்வீட்டுச் சீனப் பெரியவருக்கும் கொடுத்துவிடுவோம்.