பெட்டிக்குள் பெட்டி: கிட்டார் ஆம்ப்பின் சத்தத்தை அடைப்பது எப்படி?

டியூப் ஆம்ப்பின் (வெற்றிடக் குழாய்களைக் கொண்டு கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) கரகரப்பு நன்றாகத் திறந்துகொள்வது ஒலியளவை ஏற்றிய பிறகுதான். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 97 முதல் 100 டெசிபல் வரை ஒலிக்கும். 20 வாட் என்றால் அதன்மேல் இன்னும் 13 டெசிபல். வீட்டில் இந்தச் சத்தத்தை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பதிவுக்குத் தேவை ஸ்பீக்கரும் அதன் முன்னால் ஒரு மைக்கும் மட்டுமே. அவை இரண்டையும் பெட்டியில் அடைத்துவிட்டு, ஆம்ப்பை வெளியே வைத்து வாசிக்கலாம்.

முட்டை அட்டைபோல மேடுபள்ளமான பஞ்சை ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பஞ்சு உள்ளே எழும் எதிரொலியைத்தான் குடிக்கும். வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் வருகிறது என்றால், சத்தமும் வரும். தடுப்பதற்கு வேண்டியவை எடை, காற்றுப்புகாமை, ஒன்றையொன்று தொடாமை.

எடையை மட்டும் நம்பினால் செலவு எகிறும். சுவரின் எடை இருமடங்கானால் கிடைப்பது அதிகபட்சம் 6 டெசிபல். 18 மி.மீ எம்.டி.எஃப். பலகை (மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்வது) சதுர மீட்டருக்குச் சுமார் 13.5 கிலோ, 12 டெசிபல் கூடுதலாக வேண்டுமென்றால் நான்கு பலகை ஒட்ட வேண்டும். அதனால்தான் பெட்டிக்குள் பெட்டி. நடுவே அடைபட்ட காற்று ஸ்பிரிங்போல நடந்துகொள்ளும், இரண்டு சுவர்களும் அதன் இரு முனைகளில் தொங்கும் எடைகள்போல.

இந்த ஸ்பிரிங்கில்தான் ஆபத்தும் இருக்கிறது. அதற்கென ஓர் ஒத்ததிர்வு அலைவெண் உண்டு, அதாவது அது தானாகவே பலமாக அதிரும் சுருதி. அந்த இடத்தில் இரட்டைச் சுவர் அதே எடையுள்ள ஒற்றைச் சுவரைவிட மோசமாக வேலை செய்யும். கணக்கு எளிது. ஒவ்வொரு சுவரின் எடையாலும் (சதுர மீட்டருக்குக் கிலோ) 1ஐ வகுத்து, இரண்டு விடைகளையும் கூட்டுங்கள். அதை இடைவெளியால் (மீட்டர்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 60ஆல் பெருக்குங்கள். இரு பக்கமும் ஒற்றை 18 மி.மீ பலகை, நடுவே 5 செ.மீ என்றால் 103 ஹெர்ட்ஸ் வரும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதாவது, அடக்க வேண்டிய இடத்திலேயே பெட்டி பாட ஆரம்பிக்கும். உள்பெட்டிக்கு ஒரு பலகை, வெளிப்பெட்டிக்கு இரண்டு, இடைவெளி 10 செ.மீ என்று மாற்றினால் 63 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேலேதான், அதாவது 89 ஹெர்ட்ஸிலிருந்து, இரட்டைச் சுவரின் பலன் தெரியும். 82 இன்னும் விளிம்பில்தான் நிற்கிறது. ஆனால் கிட்டார் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே பலமாக ஒலிப்பதில்லை. இடைவெளியில் ராக்வூலை (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) தளர்வாகப் போட்டால் ஒத்ததிர்வின் கூர்மையும் மழுங்கும். அழுத்தித் திணித்தால் அதுவே இரு சுவர்களுக்கும் பாலமாகிவிடும்.

50 × 45 × 28 செ.மீ அளவுள்ள ஒற்றை ஸ்பீக்கர் கேபினட்டுக்கு (ஸ்பீக்கர் பொருத்திய கூடு) உள்பெட்டியின் உள்ளளவு 80 × 65 × 60 செ.மீ இருக்கட்டும். மைக், பிளக், கேபிள் வளைவு மூன்றுக்கும் சேர்த்து ஸ்பீக்கருக்கு முன்னால் 25 செ.மீ தேவை. இந்தக் கணக்கில் வெளிப்பெட்டி சுமார் 111 × 96 × 91 செ.மீ வரும். 2.44 × 1.22 மீட்டர் பலகைகள், சேதாரம் சேர்த்து, 6 வேண்டும். மொத்த எடை கேபினட் இல்லாமலே 190 கிலோவை நெருங்கும். எங்கே இருக்கப்போகிறதோ அங்கேயே வைத்துக் கட்டுங்கள். வெளிப்பெட்டியின் இரண்டு பலகைகளையும் காய்ந்த பிறகும் ரப்பர்போல நெகிழும் பசையால் ஒட்டி, மூட்டுகளை இறுகாத சீலன்ட்டால் அடையுங்கள். உள்பெட்டி 7.5 செ.மீ மரக்கட்டைகள்மேல் வைத்த 2.5 செ.மீ ரப்பர் துண்டுகளில் உட்காரட்டும், ஆறு இடங்களில். எடை ஏறியதும் ரப்பர் 2 முதல் 3 மி.மீ அமுங்க வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் அது வெறும் மரக்கட்டைக்குச் சமம்.

பெரும்பாலான பெட்டிகள் தோற்பது மூடியில். வெளிமூடியின் சுற்றளவு 4 மீட்டருக்கு மேல். அதில் 1 மி.மீ சந்து விட்டால் 40 சதுர செ.மீ ஓட்டை. பெட்டியின் பரப்பில் இது 0.07 சதவீதம்தான். ஆனால் சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 32 டெசிபலைத் தாண்டாது. மூடியை மேல்பக்கம் வைப்பதே மேல்: அதன் 29 கிலோ எடையே சந்தை அடைக்கும் ரப்பர் பட்டையை (கேஸ்கெட்) அழுத்தும். தூக்கி நிறுத்த உறுதியான முட்டு வேண்டும், விரல்கள் முக்கியம். விளிம்பைப் படிபோல வெட்டி, இரண்டு வரிசையில் மூடிய துளைகளுள்ள ரப்பர் பட்டை ஒட்டி, 30 செ.மீ.க்கு ஒரு கொக்கித் தாழ் போடுங்கள். உள்மூடிக்கும் ஒரு வரிசை ரப்பர் வேண்டும்.

கேபிளை நேராகத் துளையிட்டு நுழைக்கக் கூடாது. இரு பெட்டிகளிலும் வெவ்வேறு இடங்களில் ஜாக்குகளைப் பொருத்தி, நடுவே கேபிளைத் தொளதொளவென்று விடுங்கள். ஸ்பீக்கருக்குத் தடித்த ஸ்பீக்கர் கேபிளே வேண்டும், கிட்டார் கேபிள் உதவாது. ஸ்பீக்கரின் ஓம் அளவு (மின்தடை) ஆம்ப்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்ப்பை முடுக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

ஆம்ப்பை உள்ளே வைக்கவே கூடாது. டியூப்களின் வெப்பம் போக வழியில்லை. ஸ்பீக்கரே தனக்கு வரும் மின்சக்தியில் ஏறக்குறைய 94 சதவீதத்தை வெப்பமாக்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மூடிகளைத் திறந்துவிட்டால் போதும்.

அடுத்தது ஒலியின் தரம். 80, 65, 60 செ.மீ பக்கங்கள் 214, 264, 286 ஹெர்ட்ஸில் முழங்கும். டப்பாவுக்குள் பேசுவதுபோன்ற ஒலி என்கிறோமே, அது இங்கிருந்துதான் வருகிறது. ஸ்பீக்கரை நோக்கிய சுவரில் 10 செ.மீ, மற்றவற்றில் 5 செ.மீ ராக்வூல் வைத்துத் துணியால் மூடுங்கள் (வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்). இருந்தாலும் 250 ஹெர்ட்ஸ் ஒலியின் கால் அலைநீளமே 34 செ.மீ என்பதால் முழக்கம் முழுவதும் போகாது. மைக்கை ஸ்பீக்கரிலிருந்து 2 முதல் 5 செ.மீ.க்குள் வையுங்கள், மிச்சத்தை ஒலிக்கலவையின்போது ஈக்யூவால் (குறிப்பிட்ட அலைவெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) குறைக்கலாம்.

கட்டி முடித்ததும் உள்ளே ஒரு விளக்கை ஏற்றி, மூடி, அறையை இருட்டாக்குங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் சத்தமும் கசியும். எங்கும் கசியவில்லை, ஆனாலும் அடித்தொனி பலமாக வெளியே வருகிறது என்றால், தாழ்ந்த சுரம் ஒன்றைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு வெளிச்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் அதிர்வு தூக்கலாக இருந்தால், அங்கே இரு பெட்டிகளையும் ஏதோ ஒன்று தொட்டுக்கொண்டிருக்கிறது: விறைத்து நிற்கும் கேபிளோ, வழிந்து இறுகிய பசையோ, வேலையின்போது இடுக்கில் விழுந்த மரத்துண்டோ.