தண்ணீர் விட்டால் இறுகும் கடலை விழுது

ஜாவாவில் தோன்றி மலாய்த் தீபகற்பமெங்கும் பரவிய, இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சுடும் சாத்தேயைப் பற்றிப் பேசுவோர் கரியடுப்பையும் கோழித் துண்டுகளையுமே பெரிதாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பண்டத்தின் நுட்பம் கூடவே வைக்கப்படும் வேர்க்கடலைக் குழம்பில்தான் இருக்கிறது. வறுத்து நைய அரைத்த கடலை விழுதில் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால், இளக வேண்டிய விழுது நிறம் வெளுத்து, கரண்டியை அசைக்க விடாமல் கெட்டிப்படும். பலர் இந்த இடத்தில் விழுது கெட்டுவிட்டதென்று எண்ணி எண்ணெயைத் தேடுகிறார்கள். உண்மையில் அதற்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் தண்ணீர்தான்.

வேர்க்கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். கால் பங்கு புரதம். எஞ்சியதில் மாவுச்சத்து, நார்ப்பொருள், சர்க்கரை ஆகியவை அடங்கும். அரைக்கும்போது பருப்பின் செல்கள் உடைந்து எண்ணெய் வெளியேற, புரதமும் மாவும் சேர்ந்த நுண்துகள்கள் அந்த எண்ணெயில் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. விழுது வழிந்தோடுவது இதனால்தான். ஆனால் அத்துகள்கள் நீரை ஈர்ப்பவை. சிறிதளவு நீர் உள்ளே வந்ததும் அதை உறிஞ்சிக்கொண்டு, ஈர மணலைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தொடர்ந்து நீர் சேர்க்கும்போது நிலைமை தலைகீழாகிறது: இதுவரை எண்ணெய்க்குள் துகள்கள் இருந்தன, இப்போது நீர் எங்கும் சூழ்ந்து நிற்க, எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து அதற்குள் பரவுகிறது. கடலைப் புரதங்கள் அத்துளிகளின் மேற்பரப்பில் படிந்து, அவை மீண்டும் ஒன்றுசேராதபடி காக்கின்றன. இப்படி உருவாகும் கலவைக்குப் பால்மம் என்று பெயர். கட்டியாகத் திரண்டிருந்த விழுது, சில கரண்டித் தண்ணீருக்குப் பிறகு, பாலாடை நிறத்தில் வழவழப்பாக விரிவதைக் கண்முன்னே பார்க்கலாம்.

தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் சேர்த்தாலும் இதுவே நடக்கும். ஏனெனில் அதுவும் இயல்பிலேயே ஒரு பால்மம். ஆனால் சுமார் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி அதன் புரதங்கள் உருமாறத் தொடங்குவதால், கொதிக்கக் கொதிக்க எண்ணெய் பிரிந்து மேலே வரும். மலாய்ச் சமையலில் இது குறையன்று. குழம்பின் மேல் சிவந்த எண்ணெய் மிதப்பதையே பதமாகக் கொள்கிறார்கள். மிளகாயின் நிறமும் அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் எண்ணெயில் கரைபவை என்பதால், அந்தச் செம்படலத்தில் மணமும் காரமும் செறிந்திருக்கும். கடலையைச் சற்றுக் கொரகொரப்பாக விடுவதும் இச்சமையலின் வழக்கம். நான் அதையே விரும்புகிறேன், ஏனெனில் மெல்லும்போதுதான் வறுத்த மணம் முழுதாக வெளிப்படுகிறது.

இனி இறைச்சி. வெப்பம் நடுப்பகுதியை எட்ட ஆகும் நேரம் துண்டின் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, 4 செ.மீ. துண்டுக்கு ஆகும் நேரத்தில் ஏறத்தாழக் கால் பங்கே 2 செ.மீ. துண்டுக்குப் போதும். ஆகவே ஒரு வாய்க்கு அடங்கும் துண்டு, கடுங்கனலில் வெளிப்புறம் சிவக்கும் அதே வேளையில், சாறு வற்றுமுன்பே பாதுகாப்பான 74 டிகிரியை உள்ளே எட்டிவிடுகிறது. ஊறவைக்கும் கலவையில் உள்ள உப்பு தசைப்புரதங்களைத் தளர்த்தி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். அந்த மேற்பரப்பு உலர்ந்து சுமார் 140 டிகிரியைக் கடக்கும்போது, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் சுட்ட மணத்தையும் தருகின்றன. கடலை வறுபடும்போதும் நிகழ்வது இதே மையார் வினைதான். இறைச்சியும் குழம்பும் நாவில் இவ்வளவு இணங்கிப் போவதற்கு அது ஒரு காரணம்.

குழம்பு ஆறினால் மீண்டும் கெட்டியாகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவதும் அதற்குத் துணைபோகிறது. அப்போது இளஞ்சூட்டில் வைத்துச் சிறிது சிறிதாக வெந்நீர் கலந்து கிளறினால், பழைய பதம் திரும்பிவிடும்.