15-ஆம் தேதி 00:20 என்றால் எந்த ராத்திரி?

போன கோடை விடுமுறையில் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு போன் வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், திருச்சி ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளோடு நிற்கிறார்கள். "அண்ணே, உள்ளயே விடமாட்டேங்கிறாங்க, உங்க டிக்கெட் முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க." டிக்கெட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். கோலாலம்பூர், 15-ஆம் தேதி, 00:20. அவர்கள் வந்து நின்றது 15-ஆம் தேதி ராத்திரி. 00:20 என்றால் 14-ஆம் தேதி ராத்திரி 12 மணி தாண்டி இருபது நிமிடம், ஃப்ளைட் முந்தின ராத்திரியே போய்விட்டது.

டிக்கெட் நான் போட்டது இல்லை, அவரே போனில் போட்டது. அது முக்கியமும் இல்லை. நாலு பேருக்கும் அந்த நேரத்தில் புதிதாக டிக்கெட் வாங்குவது என்றால் அவர்கள் முதலில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, பிள்ளைகள் முகத்தைப் பார்த்து அவர் எப்படியோ கட்டினார். பதினெட்டு வருடமாக டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன், வருடத்துக்கு மூன்று நாலு குடும்பமாவது இப்படி ஒரு நாள் தள்ளி வந்து நிற்கிறது. நம் ஊரிலிருந்து கிளம்பும் மலிவு ஃப்ளைட்களில் பல நடுராத்திரியில்தான் கிளம்புகின்றன, நமக்கோ தூங்கி எழுந்தால்தான் அடுத்த நாள், இரண்டும் சேர்ந்துதான் இந்தத் தப்பு நடக்கிறது. அதனால் ராத்திரி 12-லிருந்து விடியற்காலை 4 மணிக்குள் கிளம்பும் எந்த டிக்கெட்டாக இருந்தாலும் பிரிண்ட் எடுத்து அதன் மேல் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்: "14-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்." நீங்களே போட்டுக்கொண்டாலும் காலண்டரில் அப்படியே எழுதி வையுங்கள்.

சரி, அதற்கும் முன்னால் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. கடற்கரை, வெயில், நீலத் தண்ணீர் என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிக்கெட் விலையை இல்லை, அந்த மாதத்தில் அங்கே மழையா வெயிலா என்பதை. மே மாதம் தாய்லாந்தின் ஃபுக்கெட்டுக்கு டிக்கெட்டும் ஹோட்டலும் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்பட்டு உடனே போட்டுவிடுகிறார்கள். மே தொடங்கி அக்டோபர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, அலை பெரிதாக இருக்கும் நாட்களில் கடற்கரையில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள், இறங்கிக் குளிக்க முடியாது. பணம் கட்டிப் போய் அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள்.

நமக்கு இருப்பது பள்ளிக்கூட லீவு, அதை மாற்ற முடியாது. ஊரைத்தான் லீவுக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். அரையாண்டு லீவு, அதாவது டிசம்பர் கடைசி என்றால் ஃபுக்கெட், கிராபி, லங்காவி, மாலத்தீவு, இலங்கையின் தென்மேற்குக் கரையான காலி, பெந்தோட்டை எல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் அப்போது எல்லோருமே கிளம்புவதால் விலை உச்சத்தில் நிற்கும். மே மாதம்தான் முடியும் என்றால் எதிர்ப் பக்கக் கரைக்குப் போங்கள். இலங்கையில் அந்த நேரம் காலியில் மழை பிடிக்கும், திருகோணமலையில் வெயில் காயும். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா என்று கிழக்குக் கரை முழுவதுமே செப்டம்பர் வரை போகலாம். மலேசியாவிலும் அப்படித்தான், மேற்கே லங்காவியில் மழை தொடங்கும்போது கிழக்கே பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் (அந்தத் தீவுகள் நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை ஏறக்குறைய மூடியே கிடக்கும், அப்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்). தாய்லாந்திலும் கோ சமுயிக்குத் தனிக் கணக்கு, அங்கே பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. காலாண்டு லீவில் போக நினைப்பவர்களுக்கு பாலி நல்லது, ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம்.

இதில் திருச்சி, சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னையிலிருந்து கொழும்பு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான், திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரம். ஆனால் தரை இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கொழும்பு ஏர்போர்ட் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கித் திருகோணமலைக்குச் சாலையில் போக ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். பெர்ஹெந்தியான் என்றால் கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாரு வரை இன்னொரு ஃப்ளைட், அங்கிருந்து குவாலா பெசூட் வரை டாக்ஸி, அப்புறம் படகு. மூன்று நாள் லீவுக்கு இது சரிவராது, ஒரு வாரம் வேண்டும்.

இனி விலை. தேடும்போது கண்ணில் படும் எண் நீங்கள் கட்டப்போகும் எண் இல்லை. உதாரணத்துக்குச் சொல்கிறேன், ஒரு பக்கம் 6,500 என்று காட்டும் டிக்கெட்டில் 7 கிலோ கைப்பை மட்டும்தான் சேர்த்தி. 20 கிலோ பெட்டிக்குத் தனிக் காசு, சீட் தேர்ந்தெடுத்தால் தனிக் காசு, சாப்பாடு தனி, கடைசியில் பணம் கட்டும் பக்கத்தில் கன்வீனியன்ஸ் ஃபீஸ். பக்கத்திலேயே 9,000 என்று காட்டிய இன்னொரு ஏர்லைனில் பெட்டியும் சாப்பாடும் உள்ளேயே இருந்திருக்கும், அதை நாம் தாண்டிப் போயிருப்போம். அதனால் இரண்டு டிக்கெட்டை ஒப்பிடும்போது போகவர, நாலு பேருக்கு, பெட்டியோடு என்ன ஆகிறது என்று கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள், பணம் மட்டும் கட்டாதீர்கள்.

இந்த 7 கிலோவைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி சும்மாவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அதில் நாலு நாள் துணி வைத்தால் முடிந்தது. ஒருமுறை என் கண் முன்னால் ஒரு அம்மா கவுன்ட்டரில் பெட்டியைத் திறந்து முறுக்கு டின்னை வெளியே எடுத்து, திரும்ப எடை போட்டு, இன்னும் 800 கிராம் அதிகம் என்றதும் இட்லிப் பொடி டப்பாவையும் எடுத்து வழியனுப்ப வந்த தம்பி கையில் கொடுத்தார். மகள் வீட்டுக்கு என்று இரண்டு நாள் உட்கார்ந்து செய்தது. ஏர்போர்ட்டில் கட்டும் லக்கேஜ் கட்டணம், டிக்கெட் போடும்போதே கட்டுவதைவிட எப்போதும் அதிகம். குடும்பமாகப் போனால் இரண்டு பேருக்கு ஒரு பெட்டி என்று முதலிலேயே வாங்கிவிடுங்கள், ஊறுகாயும் அதில்தான் போக வேண்டும், எண்ணெய் இருப்பதால் கைப்பையில் விடமாட்டார்கள்.

நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினால் விலை ஏறுவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். ஒரே விமானத்தில் சீட்டுகளைப் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள், கீழ்க்கட்டு தீர்ந்தால் அடுத்த கட்டு திறக்கும். மலிவுக் கட்டில் மூன்று சீட்தான் பாக்கி, நீங்கள் நாலு கேட்கிறீர்கள் என்றால் நாலு பேருக்குமே மேல்கட்டு விலையைக் காட்டிவிடும். அதனால் முதலில் ஒரு ஆளுக்குத் தேடிப் பாருங்கள், பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றுங்கள். விலை எங்கே குதிக்கிறதோ அங்கே பிரித்து இரண்டு புக்கிங்காகப் போடலாம், குழந்தைகளை மட்டும் பெரியவர் யாராவது ஒருவரோடு ஒரே பிஎன்ஆரில் வையுங்கள். செவ்வாய்க்கிழமை போட்டால் மலிவு, ராத்திரி போட்டால் மலிவு என்று சுற்றிவரும் வாட்ஸப் செய்திகளை நம்பிக் காத்திருக்காதீர்கள். போடும் நாளைவிடப் பறக்கும் நாள்தான் விலையைத் தீர்மானிக்கிறது. பள்ளி மூடும் வெள்ளிக்கிழமைக்குப் பதில் அடுத்த செவ்வாய், புதன் கிளம்பினாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டுப் போட்டுப் போவது இன்னொரு ஆபத்து. திருச்சி–கோலாலம்பூர் ஒரு ஏர்லைன், அங்கிருந்து லங்காவி வேறு ஏர்லைன், தனித்தனி பிஎன்ஆர். முதல் ஃப்ளைட் தாமதமானால் இரண்டாவது ஏர்லைனுக்கு அதில் எந்தப் பொறுப்பும் கிடையாது, டிக்கெட் போனது போனதுதான். இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். பாங்காக்கில் இது இன்னும் மோசம், அங்கே இரண்டு ஏர்போர்ட்: சுவர்ணபூமி, டான் மியூங். மலிவு ஃப்ளைட்கள் பல டான் மியூங்கில் இறங்குகின்றன, இரண்டுக்கும் இடையில் பாங்காக் நெரிசலில் ஊரைத் தாண்டிப் போக வேண்டும். ஒட்டுப் போட்டே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு ராத்திரி தங்குங்கள், அந்த அறை வாடகை வீண் செலவு ஆகாது.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கே உரிய தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் பலருக்கு சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், டிக்கெட் போடும் பக்கமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. உடனே பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரையோ, "எஸ்" என்று ஒற்றை எழுத்தையோ போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு ஏர்லைனுக்கும் ஒரு முறை இருக்கிறது, சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள், சிலர் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்வார்கள். அந்த ஏர்லைன் தளத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். டிக்கெட்டை ஆள் மாற்ற முடியாது, பெரிய பெயர்த் திருத்தம் என்றால் மலிவு ஏர்லைன்களில் புது டிக்கெட் வாங்கும் அளவுக்குக்கூடப் போகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தபோது, ஆளாளுக்கு எங்கள் கடைகளுக்கு ஓடிவந்தார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. இன்னும் பாஸ்போர்ட் எடுக்காத பிள்ளைகளுக்காவது சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு எடுங்கள். அப்படியே, திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாகுமா என்று இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

என் தொழிலைப் பற்றியே இப்போது சொல்கிறேன், சக ஏஜெண்டுகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஏஜெண்ட் மூலம் போட்டால், டிக்கெட்டில் யாருடைய போன் நம்பரும் இமெயிலும் இருக்கிறது என்று கேளுங்கள். பல கடைகளில் தங்கள் நம்பரைத்தான் கொடுப்பார்கள், வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற பயம். ஏர்லைன் நேரத்தை மாற்றினால், ஃப்ளைட்டையே ரத்து செய்தால், அந்தச் செய்தி ஏஜெண்டின் இன்பாக்ஸில் விழுந்து கிடக்கும். உங்கள் நம்பரைச் சேர்க்கச் சொல்வது உங்கள் உரிமை. அப்புறம், பிஎன்ஆர் கையில் இருந்தால் டிக்கெட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சீட்டைப் பிடித்து வைத்து, பணம் கட்டாமல், பிஎன்ஆரை மட்டும் அனுப்ப முடியும். முழுச் சேவை ஏர்லைன் என்றால் 13 இலக்க டிக்கெட் எண் இருக்க வேண்டும், ஏர் இந்தியா என்றால் 098, ஸ்ரீலங்கன் என்றால் 603 என்று தொடங்கும். மலிவு ஏர்லைன் என்றால் அவர்கள் தளத்திலேயே பிஎன்ஆரைப் போட்டுப் பாருங்கள், உறுதியானதாகக் காட்ட வேண்டும். பணம் கொடுத்த அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

விசா இல்லாமல் போகலாம் என்று கேள்விப்பட்டுச் சும்மா கிளம்புகிறவர்களுக்கு: மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள். தாய்லாந்து இதை 2025 மே 1 முதல் கட்டாயமாக்கியது. இரண்டுமே இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும், அரசு தளம் போலவே இருக்கும், அதில் கட்டாதீர்கள். ஏர்லைன் கஸ்டமர் கேர் நம்பரையும் கூகுளில் தேடாதீர்கள், ரீஃபண்ட் தருகிறேன் என்று ஓடிபி கேட்பவன்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நம்பரோ, ஏர்லைனின் சொந்த ஆப்போ மட்டும்தான்.

கடைசியாக, போக முடியாமல் போனால். "நான்-ரீஃபண்டபிள், ஒன்றும் வராது" என்று பலர் டிக்கெட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது, நீங்கள் பறக்காத பயணத்துக்கு வாங்கிய வரிகள், யூடிஎஃப் என்ற விமான நிலையக் கட்டணம் இவற்றைத் திருப்பித் தர வேண்டும், நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டாக இருந்தாலும். வெளிநாட்டு ஏர்லைன் என்றால் அவர்கள் நாட்டு விதி, இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். அந்தப் புதுக்கோட்டைக்காரரிடமும் அன்று ராத்திரியே சொன்னேன், பழைய டிக்கெட்டின் வரிப் பணத்துக்கு ஏர்லைன் ஆப்பில் விண்ணப்பம் போடச் சொல்லி. நாலு பேருக்கும் சேர்த்து மாதக் கடைசியில் பணம் வந்துவிட்டது என்று மெசேஜ் போட்டிருந்தார். பெரிய தொகை இல்லை, ஆனால் அது அவர் பணம்.